ஒரு கோடி வரைக்கும் எண்ணு

வண்டுக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. சாப்பிடும்போது கால் ஆடும். படிக்கும்போது பென்சில் ஆடும். பேசும்போது அவளே ஆடுவாள். அதனால்தான் பத்து வயதாகியும் வீட்டில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வண்டு என்றுதான் கூப்பிடுவார்கள்.

அவளுடைய தம்பிக்கு ஆறு வயது. உடம்பு ஒல்லி, தலை மட்டும் கொஞ்சம் பெரிசு. அவனுக்கு யாரோ குண்டூசி என்று பெயர் வைத்தார்கள், அது அப்படியே ஒட்டிக்கொண்டது.

குண்டூசிக்கு ஒரே ஓர் ஆசை. அக்காவோடு சேர்ந்து விளையாட வேண்டும்.

அக்காவுக்கும் ஒரே ஓர் ஆசை. தம்பி கூட வரக் கூடாது.

"அவன் ஓடினா விழுவான். விழுந்தா அழுவான். அவன் அழுதா அம்மா என்னைத்தான் திட்டுவாங்க" என்று வண்டு சொல்வாள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் அப்பாவின் டயர் கடைக்குப் பின்னால் எல்லோரும் கூடினார்கள். எல்லோரும் என்றால் வண்டு, தையற்காரர் வீட்டு இரட்டைப் பெண்கள், அப்புறம் பீலா. வாயைத் திறந்தாலே பெரிய பெரிய கதையாக அள்ளிவிடுவான் என்பதால் அவனுக்கு அந்தப் பெயர். கடைக்குப் பின்னால் பழைய டயர்கள் மலை மாதிரி குவிந்து கிடக்கும். கண்ணாமூச்சி ஆட அதைவிட நல்ல இடம் கிடையாது.

"அக்கா, நானும் வர்றேன்" என்றான் குண்டூசி.

"நீ சின்னப் பையன்டா."

"நேத்தும் அதையேதான் சொன்ன. இன்னிக்கு நான் ஒரு நாள் பெரியவனாயிட்டேன்."

பீலா களுக்கென்று சிரித்தான். வண்டுக்குக் கோபம் வந்தது. கோபத்தோடு ஒரு யோசனையும் வந்தது.

"சரி, வா. சேத்துக்கறேன். நீதான் கண்டுபிடிக்கிற ஆள். அந்த லாரி டயர்ல மூஞ்சியை வச்சுக்கிட்டு எண்ணு. நாங்க ஒளிஞ்சுக்கறோம்."

குண்டூசியின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. அவனுக்கு இதுவரை யாரும் எந்த ஆட்டத்திலும் எந்த வேலையும் கொடுத்ததில்லை.

"எவ்வளவு வரைக்கும் எண்ணணும்க்கா?"

"ஒரு கோடி வரைக்கும்."

"சரிக்கா."

அவன் ஓடிப்போய் டயரில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். "ஒண்ணு, ரெண்டு, மூணு..."

மற்ற நான்கு பேரும் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே இரட்டையர் வீட்டு மொட்டை மாடிக்கு ஓடினார்கள். அங்கே பந்து விளையாடினார்கள். குண்டூசியை மறந்தே போனார்கள்.

இருட்டும் நேரத்தில் வண்டு கடைக்குத் திரும்பினாள். அப்பா கடையின் கதவைப் பாதி இறக்கிவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார்.

"இவன் என்னம்மா பண்றான்? கூப்பிட்டா பதில் சொல்ல மாட்டேங்கறான். 'இரு'ன்னு விரலை மட்டும் காட்டறான்."

குண்டூசி அதே இடத்தில், அதே டயரில் முகத்தை வைத்தபடி நின்றுகொண்டிருந்தான். "ஆயிரத்து எண்ணூத்திப் பத்து. ஆயிரத்து எண்ணூத்திப் பதினொண்ணு."

வண்டு அவன் தோளைத் தட்டினாள்.

"டேய், போதும்டா. ஆட்டம் முடிஞ்சுபோச்சு. வீட்டுக்குப் போலாம்."

அவன் திரும்பினான். கன்னம் முழுக்க டயரின் கோடுகள் அச்சாகப் பதிந்திருந்தன.

"முடியலயே. இன்னும் கோடி வரலயே" என்றான். பிறகு சட்டென்று பதறி, "ஆயிரத்து எண்ணூத்திப் பன்னெண்டு" என்று விட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டான்.

வழியெல்லாம் எண்ணினான். கை கழுவும்போது எண்ணினான். ஒவ்வொரு வாய்க்கும் நடுவில் எண்ணினான்.

அம்மா மருந்துக் கடையில் வேலை பார்ப்பவர். அன்றைக்கு முழுக்க நின்று கால் வலியோடு வந்திருந்தார். "செருப்பை வெளிய கழட்டி விடுன்னு ஆயிரம் தடவை சொல்லிட்டேன்! காதுல விழுதா உனக்கு?"

குண்டூசி ஒரு விரலை உயர்த்தினான். பிறகு பொறுமையாகச் சொன்னான். "இல்லம்மா. இன்னிக்கு ரெண்டு தடவைதான் சொன்னீங்க. ஆயிரம் ரொம்பப் பெரிசும்மா. நான் இப்பதான் அதைத் தாண்டி வர்றேன்."

அப்பாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அம்மாவும் சிரித்துவிட்டார். வண்டு மட்டும் சிரிக்கவில்லை.

"யாரு இவனுக்கு இந்த வேலையைக் கொடுத்தது?" என்று அம்மா கேட்டார்.

வண்டு தண்ணீர் டம்ளருக்குள் எதையோ தேடுவது மாதிரி குனிந்துகொண்டாள்.

"தூங்கி எழுந்தா மறந்துடுவான், விடு" என்றார் அப்பா.

அவன் மறக்கவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கண்ணைத் திறந்ததும் எண்ண ஆரம்பித்தான். பல் துலக்கும்போது மட்டும் நிறுத்தினான். வாயில் நுரை இருந்தால் எண் சரியாக வராது என்று அவனே சொன்னான்.

வண்டு பின்னாலேயே அலைந்தாள்.

"டேய், ஆயிரம் ஆயிரமா எண்ணேன். சீக்கிரம் முடிஞ்சிடும்."

"அது அழுகுணி ஆட்டம்."

"அப்போ பாதியை நான் எண்ணித் தர்றேன்."

"கண்டுபிடிக்கிற ஆள் ஒருத்தர்தான்க்கா இருக்கணும். உனக்குத் தெரியாதா?"

அவளுக்குத் தெரியும். அவனுக்கு அந்த விதிகளை எல்லாம் சொல்லிக்கொடுத்ததே அவள்தான்.

மதியம் அப்பாவின் கடையில் ஒரு லாரி ஓட்டுநர் உட்கார்ந்திருந்தார். அவருடைய டயரைக் கழற்றி, ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, எங்கே குமிழி வருகிறது என்று அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். ஓட்டுநர் செய்தித்தாளை விரித்து வைத்து உரக்கப் பேசினார்.

"பாருங்க, ஒரு பாலம் கட்ட நானூறு கோடியாம்! ஏதோ நாலு ஆணி வாங்கற மாதிரி சொல்றாங்க."

குண்டூசி எண்ணுவதை நிறுத்தினான். வண்டின் பக்கம் திரும்பி, உள்ளங்கையைக் குவித்து நீட்டினான்.

"அக்கா, இந்த நாலாயிரத்து முப்பதைக் கொஞ்சம் பிடி."

வண்டுக்கு ஒன்றும் புரியவில்லை. இருந்தாலும் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். வேறு என்ன செய்வது?

அவன் ஓட்டுநரிடம் போனான். "மாமா, அந்த நானூறு கோடியை யாரு எண்ணுனா?"

"யாரு எண்ணுனாங்களா?"

"ஆமா. ஒண்ணு, ரெண்டுன்னு யாரு எண்ணுனா?"

ஓட்டுநர் செய்தித்தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எண்ணியவர் பெயர் அதில் இல்லை. "அப்படி எல்லாம் யாரும் எண்ண மாட்டாங்க தம்பி. சும்மா எழுதிக்குவாங்க."

"சும்மாவா?" குண்டூசி திகைத்துப்போனான். "நான் ஒரு கோடியையே சும்மா விட மாட்டேன்."

அவன் திரும்பி வந்து கையை நீட்டினான். "அக்கா, குடு."

"நாலாயிரத்து முப்பது" என்றாள் வண்டு.

"நாலாயிரத்து முப்பத்தொண்ணு..." என்று அவன் கிளம்பிவிட்டான்.

வண்டு நிலைகொள்ளாமல் கடைக்குள் நடந்தாள். ஓட்டை இருக்கும் இடத்தைக் குறிக்க அப்பா வைத்திருக்கும் சாக்கட்டியை எடுத்தாள். ஒரு பழைய டயரின் மேல் கணக்குப் போட்டாள். ஒரு நொடிக்கு ஓர் எண். தூங்காமல், சாப்பிடாமல், இடைவிடாமல் எண்ணினால் ஒரு கோடிக்கு எத்தனை நாள்?

நூற்றுப் பதினாறு நாள்!

ஆனால் அதுவும் தப்புக் கணக்கு. ஏனென்றால் எண்கள் போகப் போக நீளமாகிக்கொண்டே போகும். கடைச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சொல்லிப் பார்த்தாள்.

"எழுபத்தேழு லட்சத்து எழுபத்தேழாயிரத்து எழுநூத்தி எழுபத்தேழு."

ஐந்து நொடி ஆனது. நாக்கும் சுளுக்கிக்கொண்டது.

பள்ளிக்கூடம் போக வேண்டும், தூங்க வேண்டும், சாப்பிட வேண்டும். எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தாள். கிட்டத்தட்ட ஐந்து வருஷம் வந்தது. ஒன்றாம் வகுப்பில் இருக்கும் தம்பி, எண்ணி முடிக்கும்போது ஆறாம் வகுப்பில் இருப்பான். அவள் பத்தாம் வகுப்பில் இருப்பாள். அப்போது அவன் திரும்பிப் பார்த்து, 'வர்றேன்' என்று கத்துவான். அங்கே யார் ஒளிந்திருப்பார்கள்?

'நான் ஏன் அப்படிச் சொன்னேன்? நூறுன்னு சொல்லியிருந்தா என்ன?' என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

அன்றைக்குப் படுக்கும்போது குண்டூசியின் குரல் கரகரத்துப்போயிருந்தது. அம்மா வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்க வைத்தார். பாயில் படுத்ததும் அவன் அக்காவின் கையை இழுத்தான்.

"அக்கா, ஆறாயிரத்து இருபது. பத்திரமா வச்சுக்கோ. காலையில குடு."

அடுத்த நொடி தூங்கிவிட்டான்.

வண்டு புரண்டு புரண்டு படுத்தாள். காலையில் அவனிடம் வேறு எண்ணைக் கொடுத்தால் என்ன? தொண்ணூற்றொன்பது லட்சம் என்று சொன்னால் கிட்டத்தட்ட முழு வேலையும் முடிந்துவிடும். இல்லை, இல்லை, அவ்வளவு பெரிசு நம்ப மாட்டான். ஒரு லட்சம்? ஐம்பதாயிரம்?

காலையில் அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டே கையை நீட்டினான். கண்ணைக்கூட முழுசாகத் திறக்கவில்லை. கை மட்டும் திறந்திருந்தது.

"ஆறாயிரத்து இருபது" என்றாள் வண்டு.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் முதல் பாடவேளை முடிந்ததுமே செய்தி வந்துவிட்டது. ஒன்றாம் வகுப்பு டீச்சர் வராந்தாவில் வண்டைப் பிடித்துக்கொண்டார்.

"உன் தம்பிக்கு என்னம்மா ஆச்சு? வருகை எடுக்கும்போது பேரைக் கூப்பிட்டா எல்லாரும் 'உள்ளேன்'னு சொல்றாங்க. அவன் எழுந்து நின்னு 'ஆறாயிரத்து ஐந்நூத்தி ரெண்டு'ன்னு சொல்றான்."

"அது... ஒரு விளையாட்டு டீச்சர். சீக்கிரம் முடிஞ்சிடும்" என்றாள் வண்டு. ஐந்து வருஷம் என்று சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை.

அவளுடைய வகுப்பில் அன்றைக்கு அறிவியல் பாடம். டீச்சர் கரும்பலகையில் ஒன்று எழுதி, பக்கத்தில் சைபர்களாகப் போட்டுக்கொண்டே போனார். பலகையின் ஓரம் வந்துவிட்டது.

"நம்ம சூரியன் இருக்கிற நட்சத்திரக் கூட்டத்துல மட்டும் குறைஞ்சது பத்தாயிரம் கோடி நட்சத்திரம் இருக்கு" என்றார்.

எல்லோரும் 'ஆ' என்றார்கள். ஆனால் யாரும் உண்மையில் ஆச்சரியப்படவில்லை. பத்தாயிரம் கோடி என்றாலும் பத்து லட்சம் என்றாலும் அவர்கள் அதே 'ஆ'தான் சொல்லியிருப்பார்கள். வண்டு மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஒரு கோடி என்றால் என்ன என்று அவளுக்கு இப்போது தெரியும். அவள் கை தானாக மேலே போனது.

"யாரு டீச்சர் எண்ணுனா?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை.

"நல்ல கேள்வி. யாரும் ஒண்ணொண்ணா எண்ணலம்மா. முடியாது. கொஞ்சத்தை ஒழுங்கா அளந்துட்டு, மீதியைப் பெருக்கித் தெரிஞ்சுக்குவாங்க."

அது அழுகுணி ஆட்டம் இல்லையா என்று கேட்க நினைத்தாள். கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் டயர் மலைக்கு முன்னால் பீலா ஒரு கதை சொல்லிக்கொண்டிருந்தான். குண்டூசி ஓரமாக, கரகரத்த குரலில் முணுமுணுத்துக்கொண்டிருந்தான்.

"எங்க மாமா ஒரு குகைக்குள்ள போனாரு. உள்ள ஆறு கோடி பூதம்! ஒவ்வொண்ணுக்கும் நூறு தலை. மாமா கத்தியை எடுத்து எல்லாத்தையும் வெட்டிட்டாரு."

குண்டூசி விரலை உயர்த்தினான். "ஆறு கோடியா? யாரு எண்ணுனா?"

"மாமாதான் எண்ணினாரு."

"வெட்டறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

பீலா விழித்தான். "முன்னாடி."

"அவர் எண்ணி முடிக்கிற வரைக்கும் பூதம் எல்லாம் சும்மா நின்னுச்சா? ஒரு கோடிக்கே அஞ்சு வருஷம்னு அக்கா டயர்ல எழுதியிருக்கா. ஆறு கோடின்னா முப்பது வருஷம். பூதத்துக்குப் பசிக்காதா?"

இரட்டையர் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருத்தி சிரித்ததில் இன்னொருத்திக்கு விக்கல் வந்தது.

பீலாவின் முகம் சிவந்துவிட்டது. பீலா குனிந்து, குண்டூசியின் காதுக்குள் கத்தத் தொடங்கினான்.

"முப்பத்தேழு! தொள்ளாயிரம்! அஞ்சாயிரத்து எட்டு! பத்து! பதினேழு! ரெண்டாயிரம்!"

குண்டூசி காதைப் பொத்திக்கொண்டான். உதடுகள் அசைந்தன. நின்றன. மறுபடி அசைந்தன. அவன் ஆகாயத்தைப் பார்த்தான். தரையைப் பார்த்தான். எண்ணைத் தொலைத்துவிட்டான்.

அழுவான் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவன் அழவில்லை. மெதுவாக லாரி டயருக்குப் போனான். முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

"ஒண்ணு" என்றான். "ரெண்டு. மூணு."

யாரும் சிரிக்கவில்லை. பீலாகூட.

'பேசாம இரு. ரொம்பத் தூரம் திரும்பிப் போகணும்னா அவனே விட்டுடுவான். அதானே உனக்கு வேணும்?' என்று வண்டின் மனசு சொன்னது. ஆனால் அவளுடைய கால் என்றைக்கு அவள் பேச்சைக் கேட்டிருக்கிறது? அவள் ஓடிப்போய் அவன் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

"டேய்! ஒம்பதாயிரத்து முந்நூத்திப் பதினாலு!"

அவன் கண்கள் விரிந்தன. "நான் உங்கிட்ட குடுக்கவே இல்லையே? உனக்கு எப்படித் தெரியும்?"

வண்டுக்கே அப்போதுதான் தெரிந்தது. "நானும் கூடவே எண்ணிக்கிட்டு இருந்திருக்கேன்டா. வாய்க்குள்ளயே."

அவள் தரையில் கிடந்த டயரில் உட்கார்ந்து, அவனைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்தாள்.

"நான் ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு நாங்க ஒளியவே இல்ல. மாடிக்குப் போயிட்டோம். உன்னைச் சேத்துக்க வேண்டாம்னுதான் ஒரு கோடின்னு சொன்னேன். தப்பு என்னுதுதான்."

"தெரியும்" என்றான் குண்டூசி.

"தெரியுமா?"

"மாடியில பந்து விழற சத்தம் கேட்டுச்சு."

"அப்புறம் எதுக்குடா இவ்வளவு கஷ்டப்பட்டு எண்ணுன?"

"எண்ணி முடிச்சா நீ என்னைச் சேத்துக்கணும்ல? நீ சொன்னேல்ல?" என்றான் அவன்.

வண்டு அவனை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"எண்ண வேண்டாம். இப்பவே சேத்துக்கறேன். வா" என்றாள்.

அவன் தலையை ஆட்டினான். "பாதியில விட்டா அழுகுணி. பீலா சொல்லிக் காட்டுவான்."

"நான் சொல்ல மாட்டேன்" என்றான் பீலா, தூரத்திலிருந்து, தரையைப் பார்த்துக்கொண்டே.

"இப்ப சொல்ல மாட்ட. நாளைக்குச் சொல்லுவ."

வண்டு அவனை மறுபடி இழுத்து அணைத்துக்கொண்டாள்.

வண்டின் காது தம்பியின் நெஞ்சில் அழுந்தியிருந்தது. உள்ளே ஏதோ சத்தம். டப், டப், டப், டப். அவள் பேசாமல் கேட்டாள். அவளுடைய வாழ்க்கையில் முதல் முறையாக அவள் கை, கால், தலை எதுவும் ஆடவில்லை.

பிறகு துள்ளி எழுந்தாள்.

"யாரும் பேசாதீங்க! ஒரு நிமிஷம்! குண்டூசி, நீ அசையாதே!"

அவனைக் கடைக்குள் இழுத்துப்போய்ச் சுவர்க் கடிகாரத்துக்கு முன்னால் நிறுத்தினாள். மறுபடி நெஞ்சில் காதை வைத்தாள். நொடிமுள் ஒரு சுற்று சுற்றியது.

"தொண்ணூறு!" என்று கத்தினாள்.

கையில் டயரோடு நின்ற அப்பா திரும்பிப் பார்த்தார். "என்னம்மா தொண்ணூறு?"

"இருங்கப்பா, கணக்கு கலைஞ்சிடும்!" சாக்கட்டி தரையில் பறந்தது. "ஒரு நிமிஷத்துக்குத் தொண்ணூறு. ஒரு மணி நேரத்துக்கு ஐயாயிரத்து நானூறு. ஒரு நாளைக்கு ஒரு லட்சத்து இருபத்தொம்பதாயிரத்து அறுநூறு." இரட்டையர் எட்டிப் பார்த்தார்கள். பீலா பெருக்கலைச் சரிபார்த்தான். கதையில்தான் அவன் அளந்துவிடுவான், கணக்கில் கெட்டிக்காரன்.

"டேய், உன் நெஞ்சுக்குள்ள ஒண்ணு எண்ணிக்கிட்டே இருக்கு" என்றாள் வண்டு. "மூணு மாசத்துக்குள்ள ஒரு கோடி எண்ணிடும். உனக்கு இப்போ ஆறு வயசு. நீ தொட்டில்ல படுத்துக்கிட்டு விரல் சூப்பும்போதே கோடியை முடிச்சிட்ட!"

குண்டூசி நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தான். எளிதில் ஏமாறுகிற ஆள் இல்லை அவன்.

"நான் தூங்கும்போது?"

"அப்பவும் எண்ணும்."

"சாப்பிடும்போது?"

"அப்பவும்தான்."

"நடுவுல ஒண்ணு ரெண்டை விட்டுடாதா?"

"விட்டா நாம இப்படி நின்னு பேசிக்கிட்டிருக்க முடியாது" என்றார் அப்பா.

குண்டூசி இன்னும் யோசித்தான். "ஆனா அது ஒண்ணு, ரெண்டுன்னு சொல்லலையே? டப்பு, டப்புன்னுதானே சொல்லுது?"

"அதுக்குப் பேசத் தெரியாதுடா. நீ பிறந்தப்போ உனக்குந்தான் பேசத் தெரியாது. அது யாரோடது சொல்லு?"

"என்னோடது."

"அப்போ யாரு எண்ணுனா?"

எல்லோரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் வாயைக் குவித்தான். புருவத்தைச் சுருக்கினான். கடைசியில் கேட்டான்.

"இதுவரைக்கும் மொத்தம் எவ்வளவு?"

"கிட்டத்தட்ட இருபத்தெட்டுக் கோடி" என்றான் பீலா.

"ஐயோ!" குண்டூசி அலறினான். "அப்போ நான் இருபத்தேழு கோடி லேட்டு! வர்றேன்! வந்துட்டேன்!"

"டேய், இரு! இரு!" என்று வண்டு கத்தினாள். அவன் இருக்கவில்லை. ஆட்டம் தொடங்கிவிட்டது, ஆனால் யாரும் ஒளிந்திருக்கவில்லை! இரட்டையர் ஒரு பக்கம் ஓடினார்கள். பீலா ஒரு பக்கம் ஓடினான். அப்பாகூட எதற்கென்று தெரியாமல் லாரி டயருக்குப் பின்னால் குனிந்துகொண்டார்.

பீலா டயர்களுக்கு நடுவில் புகுந்தான். கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. முதல் அவுட் அவன்தான். இரட்டையரில் ஒருத்திக்கு விக்கல் நிற்கவில்லை. இரண்டு பேரும் சேர்ந்தே பிடிபட்டார்கள். "நான் ஆட்டத்துல இல்லப்பா" என்று அப்பா எழுந்தார். குண்டூசி விடவில்லை. அவரும் அவுட்.

வண்டு உண்மையாகவே ஒளிந்திருந்தாள். விட்டுக்கொடுத்தால் அவனுக்குப் பிடிக்காது என்று அவளுக்குத் தெரியும். ஐந்து டயர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கிணற்றுக்குள் இறங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் இரண்டு தடவை பக்கத்தில் வந்து தாண்டிப்போனான். இன்னும் கொஞ்சம் சும்மா இருந்திருந்தால் கண்டுபிடித்திருக்கவே மாட்டான்.

ஆனால் வண்டு எப்படிச் சும்மா இருப்பாள்? முட்டி அரித்தது. முதுகு அரித்தது. கால் ஆட ஆரம்பித்தது. மேல் டயர் கிறீச் என்றது.

ஒரு பெரிய தலை மேலிருந்து எட்டிப் பார்த்தது. டயர் கறுப்பு அப்பிய மூக்கு. வாய் நிறையச் சிரிப்பு.

"அக்கா அவுட்!"

முதலில் பிடிபட்ட பீலாதான் அடுத்து எண்ண வேண்டும். அவன் லாரி டயர் முன்னால் போய் நின்று திரும்பினான்.

"எவ்வளவு வரைக்கும் எண்ணணும்?"

எல்லோரும் குண்டூசியைப் பார்த்தார்கள். அவன் தலையைச் சொறிந்தான்.

"இருபது போதும்" என்றான். "ஆனா வேகமா எண்ணாத. நான் இன்னும் இடம் பாக்கல."

சொல்லிவிட்டு அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினான்.